‘பாக்காத்’ என்னும் எபிரேய வினைக்கு எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொள்வது?

எரேமியா 23ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில், மந்தையைச் சிதறவிட்ட மேய்ப்பர்களோடு கடவுள் வழக்காடுகிறார். அந்த வழக்கு முழுவதும் ஒரே வினைச்சொல்லின் மேல் நிற்கிறது. ‘லோ பெக்கத்தெம் ஓத்தாம்’, அதாவது நீங்கள் ஆடுகளைப் ‘பாக்காத்’ செய்யவில்லை. ‘ஹினெனி போக்கேத் அலேகெம்’, அதாவது ஆகையால் இதோ, நான் உங்கள்மேல் ‘பாக்காத்’ செய்கிறேன். முதலாவதைப் ‘பராமரிக்கவில்லை’ என்றும் இரண்டாவதைத் ‘தண்டிப்பேன்’ என்றும் பெயர்த்தால் இரண்டு பாதிகளும் தனித்தனியே சரிதான்; ஆனால் ‘நீங்கள் செய்யத் தவறிய அதே செயலை நான் உங்களிடம் செய்வேன்’ என்ற தீர்ப்பின் கூர்மை காணாமல் போய்விடுகிறது. பழைய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாகப் பெயர்க்க முனைபவரும், எபிரேயத்தை அருகில் வைத்துக்கொண்டு தமிழ் வேதாகமத்தைக் கற்பிப்பவரும் இந்த வினைக்கு என்ன சொல் வைப்பது என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும். தமிழ் மரபு இதற்கு ஏற்கெனவே நான்கு வழிகளைத் தந்திருக்கிறது. அவற்றை ஒப்பிட்டு, எதை எங்கே கொள்ளலாம் என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பே, கோஃப், தாலெத் என்ற மூன்று எழுத்துகளை வேராகக் கொண்ட இவ்வினை எபிரேய வேதாகமத்தில் ஏறக்குறைய 300 இடங்களில் வருகிறது. அதன் பொருள் வீச்சு முதற்பார்வைக்குத் திகைப்பூட்டும். சிம்சோன் வெள்ளாட்டுக்குட்டியோடு மனைவியைப் பார்க்கப் போவது பாக்காத். போர்முனையிலுள்ள அண்ணன்மார் நலமாக இருக்கிறார்களா என்று பார்த்து வரும்படி ஈசாய் தாவீதுக்குச் சொல்வதும் பாக்காத். எண்ணாகமம் 1ஆம் அதிகாரத்தில் போருக்குப் போகத்தக்க ஆண்களை எண்ணி 603550 பேர் என்று கணக்கெடுப்பது பாக்காத். போத்திபார் தன் வீட்டின் பொறுப்பில் யோசேப்பை வைப்பது அதன் பிறவினை வடிவம். மலடியாயிருந்த சாராளுக்குக் கடவுள் செய்தது பாக்காத். தகப்பன்மாரின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறை வரைக்கும் அவர் செய்வதும் பாக்காத். செயப்பாட்டு வடிவில் அது ‘குறைவுபடுதல்’, ‘இல்லாமற்போதல்’ என்று பொருள்படும்: மீதியானியரோடு போரிட்டுத் திரும்பிய படைத்தலைவர்கள், தங்கள் ஆட்களில் ஒருவன்கூடக் குறையவில்லை என்று மோசேயிடம் சொல்லும்போது வருவது இந்த வடிவந்தான்.

பார்க்கப் போவது, எண்ணுவது, பொறுப்பில் வைப்பது, அருள்செய்வது, தண்டிப்பது, காணாமற்போவது என்று அகராதி இவற்றை வரிசையாக அடுக்கும். அந்த அடுக்கை மட்டும் பார்ப்பவருக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்களாகத் தோன்றலாம். ஆனால் படையை அணிவகுக்கச் செய்து பார்வையிடும் தலைவன் ஒருவனை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். அவன் ஒவ்வொருவனாகப் பெயர் கூப்பிட்டுப் பார்க்கிறான், எண்ணுகிறான், யார் இல்லை என்று கண்டுகொள்கிறான், காயம்பட்டவனுக்கு ஆகவேண்டியதைச் செய்கிறான், தக்கவனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறான், கடமை தவறியவனைக் கணக்குக் கேட்கிறான். இவையனைத்தும் ஒரே பார்வையிடுதலின் கூறுகள். மேலிருப்பவர் தம் பொறுப்பில் உள்ளதை நேரடியாகக் கவனித்து, கண்ட நிலைமைக்கு ஏற்ப உடனே செயற்படுவதே இவ்வினையின் அடிப்படைப் பொருள் என்று நான் கொள்கிறேன். பண்டைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழியில் இதற்கு இனமான ‘பக்காது’ என்ற சொல்லும் ஒப்படைத்தல், நியமித்தல், மேற்பார்த்தல் என்ற ஆட்சிப் பொருள்களிலேயே வழங்கியது இதற்குத் துணைநிற்கிறது. 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் இதை ஒரே இடத்தில் காட்டிவிடும்: 2ஆம் வசனத்தில் இஸ்ரவேலின் பகை இனமான அமலேக்கு செய்ததைக் கடவுள் பாக்காத் செய்கிறார், 4ஆம் வசனத்தில் சவுல் தெலாயிமிலே 200000 காலாட்களைப் பாக்காத் செய்கிறான். கடவுள் கணக்குப் பார்க்கும் சொல்லும் அரசன் படையைக் கணக்கெடுக்கும் சொல்லும் ஒன்றே.

அருளும் தண்டனையும் ஒரே சொல்லில் இருந்தால் வாசகர் எப்படிப் பிரித்தறிவார் என்ற கேள்விக்கு எபிரேய இலக்கணம் ஓரளவு விடை தருகிறது. ஆளை நேரடிச் செயப்படுபொருளாகக் கொண்டு ‘ஒருவரைப் பாக்காத் செய்தல்’ என்று வந்தால் பெரும்பாலும் அது நன்மைக்கு. ‘மேல்’ என்று பொருள்படும் ‘அல்’ என்ற முன்னிடைச்சொல் ஆளோடு சேர்ந்து, குற்றம் செயப்படுபொருளாக வந்தால் அது கணக்குத் தீர்த்தல். இது கண்டிப்பான விதியன்று. எரேமியா 6:15 போன்ற இடங்களில் நேரடிச் செயப்படுபொருளோடும் தண்டனைப் பொருள் வருகிறது. ஆயினும் பொதுப்போக்கு இதுவே, தமிழுக்குச் சொல் தேடும்போது இது மிகவும் உதவும்.

முதல் வழி, இடத்துக்கு ஒரு சொல்லாகப் பிரித்துப் பெயர்ப்பது: சாராளிடத்தில் அருளுதல், ஆமோஸில் தண்டித்தல், எண்ணாகமத்தில் எண்ணுதல், ஆதியாகமம் 39இல் நியமித்தல். இதற்கு மிகப் பழைய முன்னோடி உண்டு. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்க மொழியில் செய்யப்பட்ட எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, பெரும்பாலும் ‘எபிஸ்கெப்தொமாய்’ என்ற ஒரே வினையைக் கையாண்டாலும், ஆமோஸ் 3:2இல் பழிக்குப் பழி வாங்குதலைக் குறிக்கும் வேறொரு வினைக்கும், யாத்திராகமம் 20:5இல் ‘திருப்பிச் செலுத்துதல்’ என்ற வினைக்கும் மாறிக்கொண்டது. வாசகருக்கு இந்த வழியில் எந்த இடறலும் இல்லை. ஒவ்வொரு வசனமும் கேட்டவுடனே புரியும். அதனால்தான் இது கவர்ச்சியானது, அதனால்தான் இது ஆபத்தானதும்கூட. ஆமோஸ் 3:2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘பூமியின் எல்லா வம்சங்களுக்குள்ளும் உங்களைமாத்திரம் அறிந்துகொண்டேன், ஆகையால்…’ என்று தொடங்கும் வாக்கியம் ‘தண்டிப்பேன்’ என்று முடியும்போது, ‘ஆகையால்’ என்ற சொல் திடுக்கிட வைக்கிறது. எபிரேயத்திலும் அது திடுக்கிட வைப்பதுதான். ஆனால் அங்கே வரும் சொல் தண்டிப்பதற்கென்றே இருக்கும் தனிச்சொல் அன்று. நெருக்கமாக அறிந்தவர் நெருக்கமாகக் கணக்குப் பார்க்கிறார் என்ற உறவின் தர்க்கம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. ‘தண்டித்தல்’ அந்த உறவை அறுத்துவிட்டு விளைவை மட்டும் நிறுத்துகிறது.

இரண்டாவது வழி ‘சந்தித்தல்’. 1871இல் ஹென்றி பவரின் குழு முடித்த தமிழ் வேதாகமமான பழைய திருப்புதலில் இச்சொல் மீட்பின் இழை ஒன்றைப் பின்னியிருக்கிறது. மரணப்படுக்கையில் யோசேப்பு ‘தேவன் உங்களை நிச்சயமாகச் சந்தித்து’ என்கிறான். பஞ்சம் நீங்கியதைக் கேள்விப்படும் நகோமி, கர்த்தர் தம்முடைய ஜனங்களைச் சந்தித்தார் என்று அறிகிறாள். லூக்கா 1:68இல் சகரியா, அவர் தம்முடைய ஜனங்களைச் சந்தித்து மீட்டுக்கொண்டார் என்று பாடுகிறான். இந்த இழை எளிதில் இழந்துவிடக் கூடியதன்று. இதே இடத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பு ‘போய்ப் பார்த்தல்’ என்று பொருள்படும் ‘விசித்தாரே’ என்ற சொல்லை வைத்து, அதைச் சாராளுக்கும் யாத்திராகமம் 20:5இன் அக்கிரமத்துக்கும் ஒன்றாகவே கையாண்டது. ஆங்கில மரபு அங்கிருந்துதான் ‘விசிட்’ என்ற தன் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆனால் தமிழில் ‘சந்தி’ அவ்வளவு தூரம் வராது. சந்திப்பில் மேல் கீழ் இல்லை. வழியில் எதிர்ப்பட்டாலும் சந்திப்புதான். ஆதியாகமம் 32:1இல் தேவதூதர்கள் யாக்கோபை எதிர்ப்படும்போதும் அதே தமிழ்ச் சொல் வருகிறது, அங்கே எபிரேயத்தில் இருப்பது முற்றிலும் வேறு வினை. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அக்கிரமத்தைச் சந்தித்தல்’ என்று தமிழில் சொன்னால் அக்கிரமத்துக்கு ஆளானவர் கடவுள் என்றே பொருள்படும்.

மூன்றாவது வழி கண்ணைச் சார்ந்த சொற்கள். ‘கர்த்தர் தாம் சொல்லியிருந்தபடி சாராள்பேரில் கடாட்சமானார்’ என்ற வாக்கியத்தின் அழகை நான் மறுக்கமாட்டேன். பிள்ளையில்லாதிருந்து சாமுவேலைப் பெற்ற அன்னாளுக்கும் ‘கடாட்சித்தார்’ என்றே வந்து, இரு தாய்மாரும் ஒரே சொல்லால் பிணைக்கப்பட்டிருக்கிறார்கள், எபிரேயத்தில் இருப்பதும் அப்படியே. கடாட்சம் என்பது கடைக்கண் பார்வை. அருளைத் தவிர வேறெதுவும் அதில் இல்லை என்பதே அதன் வலிமை. ஆனால் நமக்கு வேண்டிய சொல் இருபுறமும் வெட்ட வேண்டியது. ‘கண்ணோக்குதல்’ என்று தூய தமிழில் மாற்றினாலும் குறை தீராது, ஏனெனில் தமிழ்ச் சிந்தனையிலேயே கண்ணோட்டம் ஒரு பக்கமும் முறைசெய்தல் மறுபக்கமும் நிற்கின்றன. திருக்குறளில் செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறள், அரசன் ‘ஓர்ந்து கண்ணோடாது’ முறைசெய்ய வேண்டும் என்கிறது; ஆராய்வதற்கும் தீர்ப்பதற்கும் கண்ணோட்டம் அங்கே விலக்கப்பட வேண்டியது. எபிரேய வினையோ ஓர்தலையும் கண்ணோடுதலையும் ஒரே செயலாக்குகிறது.

நான்காவது வழி ‘விசாரித்தல்’. இதைப் பழைய திருப்புதலே பல இடங்களில் கையாண்டிருக்கிறது. அந்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. சங்கீதம் 8:4: ‘மனுஷகுமாரனை நீர் விசாரிக்கிறதற்கும் அவன் எம்மாத்திரம்?’ யாத்திராகமம் 32:34: ‘நான் விசாரிக்கும் நாளில் அவர்களுடைய பாவத்தை அவர்களிடத்தில் விசாரிப்பேன்.’ 1 சாமுவேல் 17:18: ‘உன் சகோதரர் சுகமாயிருக்கிறார்களா என்று விசாரித்து’. ஆதியாகமம் 39:4இல் போத்திபார் யோசேப்பைத் தன் வீட்டுக்கு ‘விசாரணைக்காரன்’ ஆக்குகிறான். அமாவாசை விருந்தில் தாவீதின் இருக்கை வெறுமையாயிருக்கும்போது, ‘நீ இல்லை என்று விசாரிக்கப்படும்’ என்று யோனத்தான் சொல்கிறான். நலம் கேட்பது, பாவக் கணக்குக் கேட்பது, வீட்டை மேற்பார்ப்பது, இல்லாதவனைத் தேடுவது ஆகிய நான்குக்கும் ஒரே தமிழ்ச் சொல். எபிரேயமும் இந்த நான்குக்கும் ஒரே வேரையே கொண்டிருக்கிறது.

தமிழ் இச்சொல்லை எங்கிருந்தோ வலிந்து இழுத்துவரவில்லை. நோயுற்றவரை விசாரிக்கப் போகிறோம். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறோம். ‘அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்று விடைபெறுகிறோம். போவது, பார்ப்பது, கேட்பது, ஆகவேண்டியதைச் செய்வது எல்லாம் இந்த விசாரிப்பில் அடங்கும். கையை வீசிக்கொண்டு எவரும் விசாரிக்கப் போவதில்லை. சிம்சோனின் வெள்ளாட்டுக்குட்டியும் தாவீது சுமந்துபோன வறுத்த பயறும் அப்பங்களும் பால்கட்டிகளும் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத செய்திகள். அதே சொல், ‘-ஐ’ உருபை விட்டு ‘-இடத்தில்’ என்ற உருபை ஏற்றுக் குற்றத்தைச் செயப்படுபொருளாகக் கொள்ளும்போது, வழக்கு விசாரணையாகிவிடுகிறது. ‘மனுஷகுமாரனை விசாரிக்கிறது’, ‘பாவத்தை அவர்களிடத்தில் விசாரிப்பது’ என்ற இவ்விரண்டு அமைப்புகளும் எபிரேயத்தின் நேரடிச் செயப்படுபொருளுக்கும் ‘அல்’ அமைப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. இலக்கணத்தையும் பொருளையும் சேர்த்துத் தாங்கும் சொல் இப்படி அமைவது மொழிபெயர்ப்பில் அரிதினும் அரிது.

புதிய ஏற்பாடும் இதற்கு ஆதரவாக நிற்கிறது. ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்ற மத்தேயு 25:36இலும், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதைப் பற்றிய யாக்கோபு 1:27இலும் கிரேக்கத்தில் இருப்பது, எழுபதின்மர் பாக்காத்துக்கு வைத்த அதே ‘எபிஸ்கெப்தொமாய்’. ஆகவே கடவுள் மனிதனை விசாரிக்கும் சங்கீதத்திலிருந்து மனிதன் மனிதனை விசாரிக்கும் நற்செய்திக்கு ஒரே தமிழ்ச் சொல்லில் போய்ச் சேரலாம்.

ஆனால் இதற்கும் ஒரு தடை உண்டு, அது சிறியதன்று. இன்றைய செய்தித்தாள் தமிழில் விசாரணை என்றால் காவல் நிலையம், நீதிமன்றம், ஆணையம். ‘போலீசார் அவரை விசாரித்தனர்’ என்ற வழக்கில் ‘-ஐ’ உருபே கடுமையான பொருளுக்கும் வந்துவிட்டதால், மேலே சொன்ன உருபு வேறுபாடும் மங்கிவருகிறது. குறிப்பாக ஆதியாகமம் 21:1இல் ‘கர்த்தர் சாராளை விசாரித்தார்’ என்று எழுதினால், 18ஆம் அதிகாரத்தில் அவள் சிரித்ததையும், சிரிக்கவில்லை என்று மறுத்ததையும், ‘இல்லை, நீ நகைத்தாய்’ என்ற பதிலையும் அண்மையில் வாசித்து வந்த ஒருவர், அந்தச் சிரிப்புக்கான விசாரணை இப்போது நடக்கிறது என்று எண்ண இடமுண்டு. பிள்ளைப்பேற்றின் மகிழ்ச்சியான வாக்கியத்தைக் குற்ற விசாரணையாக்கிவிடும் மொழிபெயர்ப்பை எவரும் ஏற்கமாட்டார். அதே நேரத்தில், தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இச்சொல்லின் கனிவான பொருள் செத்துவிடவில்லை. ‘அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’ என்ற 1 பேதுரு 5:7ஐ நாட்காட்டியிலும் வசன அட்டையிலும் படித்து ஆறுதல் அடையும் ஒருவருக்குக் காவல் நிலையம் நினைவுக்கு வருவதில்லை.

சாராளைப் பற்றிய வசனத்தில் இந்தச் சொல்லின் எல்லை எது என்ற கேள்வி யூத மரபிலும் எழுந்ததுதான். புத்தாண்டு நாளின் வழிபாட்டில் கடவுளின் நினைவுகூர்தலைச் சொல்லும் வசனங்கள் பத்துக்குக் குறையாமல் ஓதப்பட வேண்டும் என்பது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் விதி. பாக்காத் வரும் வசனங்களை நினைவுகூர்தல் வசனங்களாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று அதன் விரிவுரையான தால்முதில் விவாதம் வருகிறது. சேர்க்கலாம் என்று ரபி யோசேயும், கூடாது என்று ரபி யூதாவும் சொல்கிறார்கள். அங்கே சான்றாக எடுக்கப்படுவது சாராளின் வசனமே. நியாயத்தீர்ப்பின் நாளாகக் கருதப்படும் அந்தப் புத்தாண்டின் முதல் நாளிலேயே ஆதியாகமம் 21ஆம் அதிகாரமும் அன்னாளின் கதையும் வாசிக்கப்படுகின்றன. கணக்குப் பார்க்கும் நாளும் கருவறை திறந்த நாளும் அங்கே ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. சங்கீதம் 8:4, சங்கீதம் 106:4, எரேமியா 15:15 ஆகிய இடங்களில் ‘நினை’ என்ற வினையும் பாக்காத்தும் இணையாக வருவதால், ரபி யோசேயின் பக்கம் சாய எனக்குத் தயக்கமில்லை.

அதனால் என் முடிவு இது. கடவுள் எழுவாயாக வரும் இடங்களில் ‘விசாரித்தல்’ அடிப்படைச் சொல்லாக இருக்கட்டும்; நன்மைக்கு வரும்போதும் தீர்ப்புக்கு வரும்போதும் அதே வேர் நிற்கட்டும். சாராள், அன்னாள் போன்ற இடங்களில் மட்டும் ‘நினைந்து விசாரித்தார்’ என்று இணைவினையின் துணையோடு எழுதலாம். மூலத்தில் அந்த வசனத்தில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்ப்பது இது என்பதை அறிந்தே சொல்கிறேன். எபிரேயக் கவிதை தானே அருகருகே வைத்த சொல் என்பதால், கடாட்சத்தைவிட இது மூலத்துக்கு நெருங்கியது. யோசேப்பின் வாக்கில் எபிரேயம் ‘பாக்கோத் இஃப்கோத்’ என்று வினையை இரட்டித்து உறுதிப்படுத்துகிறது. பழைய திருப்புதல் அதை ‘நிச்சயமாக’ என்ற அடையாக்கியது. ஆனால் அதே திருப்புதல் ஆதியாகமம் 2:17இல் ‘சாகவே சாவாய்’ என்று எழுதத் துணிந்திருக்கிறது. அந்தத் துணிவோடு ‘தேவன் உங்களை விசாரிக்கவே விசாரிப்பார்’ என்று எழுதினால், யாத்திராகமம் 3:16இல் மோசே அதே இரட்டிப்பை மூப்பரிடம் சொல்லும்போதும், 13:19இல் யோசேப்பின் எலும்புகளை எடுத்துச் செல்லும்போதும், பழைய வாக்கு காதில் ஒலிக்கும்.

கணக்கெடுப்புக்கு ‘எண்ணுதல்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். அங்கே ‘விசாரித்தல்’ வைத்தால் தமிழ் முறிந்துவிடும். ஒப்படைத்தலைக் குறிக்கும் பிறவினை வடிவத்துக்கும் தனிச்சொல் தேவைதான். ‘உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்’ என்ற சங்கீதம் 31:5இல் வருவது இந்த வடிவம் என்பது பலருக்குத் தெரியாது. விசாரிக்கிறவரின் கையில் விசாரிக்கப்பட வேண்டியதை வைப்பதே ஒப்புவித்தல் என்று ஓர் அடிக்குறிப்பில் சொன்னால் போதும். சங்கீதம் 119இல் 21 முறை வரும் ‘பிக்குதீம்’ இதே வேரிலிருந்து பிறந்ததாயினும், ‘கட்டளைகள்’ என்பதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தோன்றவில்லை.

எரேமியா 23இல் மட்டும் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. ‘நீங்கள் என் ஆடுகளைச் சிதறடித்துத் துரத்தினீர்கள், அவைகளை விசாரிக்கவில்லை, இதோ, உங்கள் செய்கைகளின் பொல்லாப்பை நான் உங்களிடத்தில் விசாரிப்பேன்’ என்று 2ஆம் வசனத்தை எழுத வேண்டும். 4ஆம் வசனத்தில் அதே வினை செயப்பாட்டில் மூன்றாம் முறையாக வந்து, புதிய மேய்ப்பர்களின் கீழ் ஆடுகளில் ஒன்றும் குறையாது என்கிறது. அதை ‘ஒன்றாகிலும் இல்லை என்று விசாரிக்கப்படுவதில்லை’ என்று பெயர்த்தால் முதல் வாசிப்பில் சற்றே கரடுமுரடாக இருக்கும். யோனத்தானின் வாக்கியத்தை ஏற்றுக்கொண்ட தமிழ்க் காது இதையும் ஏற்கும் என்று நம்புகிறேன். சபையில் உரக்க வாசித்துப் பார்த்த பிறகும் இடறினால், அங்கே ‘காணாமற்போவதில்லை’ என்று எழுதிவிட்டு ஓரக்குறிப்பில் மூன்று இடங்களையும் இணைக்கலாம்.

பெயர்ச்சொல் வடிவமான ‘பெக்குத்தா’ பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏசாயா 10:3இல் பழைய திருப்புதல் ‘விசாரிப்பின் நாளிலும்’ என்று எழுதுகிறது. இதை ‘விசாரணை நாள்’ என்று புதுப்பிக்கும் ஆசை எழலாம், ஆனால் அதைச் செய்யக்கூடாது. ‘விசாரணை’யை அலுவலகங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, ‘விசாரிப்பு’ இன்னும் நலம் கேட்க வருபவரின் வாயிலும் இருக்கிறது.